ஷீ சூவின் கண் சிவந்து பாதி மூடியிருந்தால் திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஆறு வயது ஷீ சூ இன நாய், பெயர் லட்டு. நேற்றிலிருந்து இடது கண் சிவந்திருக்கிறது, பாதிதான் திறக்கிறது, மஞ்சளாகப் பீளை தள்ளுகிறது, முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. அம்மா பன்னீர் விடச் சொல்கிறார். அப்பாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சமிருக்கிறது. அதை விடலாமா, திங்கட்கிழமை வழக்கமான மருத்துவரிடம் போனால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பன்னீரும் வேண்டாம், அப்பாவின் மருந்தும் வேண்டாம், திங்கட்கிழமை வரை பொறுக்கவும் வேண்டாம். இன்றே கொண்டுபோங்கள். வார இறுதியில் திறந்திருக்கும் எந்தக் கால்நடை மருத்துவமனையாக இருந்தாலும் சரி. கண்ணில் புண் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கான சாயத்தாள் எல்லா மருத்துவமனையிலும் இருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. கால்நடை மருத்துவமனையில் செவிலியாக நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். கண் பிரச்சினையோடு வருகிற நாய்களில் எதை உடனே உள்ளே அனுப்புவது, எதை வரிசையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்ய நாங்கள் முதலில் பார்ப்பது நிறத்தை இல்லை. கண்ணைத் திறக்கிறதா, சுருக்குகிறதா என்பதைத்தான். கண் சிவக்க நூறு காரணம் இருக்கலாம், தூசியாகவும் இருக்கலாம். ஆனால் நாய் கண்ணை மூடிவைத்துக்கொண்டால் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம். நாய்கள் கண்வலிக்குக் கத்துவதில்லை. சோபாவில் முகத்தைத் தேய்க்கும், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் படுக்கும், வழக்கத்தைவிட அதிகம் தூங்கும், அவ்வளவுதான். "சாப்பிடுகிறது, வால் ஆட்டுகிறது, அதனால் வலி இருக்காது" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணில் ஆழமான புண்ணோடு வந்து பிஸ்கட் கேட்ட நாய்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் மருந்து ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுக்கிற சொட்டுகளில் பெரும்பாலும் ஸ்டெராய்டு இருக்கும். புட்டியில் பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். கண்ணுக்கு முன்னால் கார்னியா என்றொரு தெளிவான படலம் இருக்கிறது. நாய்க்கு அதன் மொத்தத் தடிப்பே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். அதில் கீறல் விழுந்து புண்ணாகியிருக்கும்போது ஸ்டெராய்டு விட்டால் இரண்டு கேடு. புண் ஆறுவது நிற்கும், கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். கிருமியும் அழற்சியும் சேர்ந்து சுரக்கும் நொதிகள் அந்தப் படலத்தையே கரைக்க ஆரம்பித்துவிட்டால் புண்ணின் ஓரம் சாம்பல் நிறமாகிக் கொழகொழவென்று ஆகிவிடும். அந்த நிலைக்குப் போன கண் ஒரே நாளில்கூட ஓட்டை விழுந்துவிடலாம். இதில் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், ஸ்டெராய்டு விட்ட சில மணி நேரத்தில் சிவப்பு குறையும். வீட்டில் எல்லாரும் "பரவாயில்லையே, மருந்து வேலை செய்கிறதே" என்று நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் சாயம் போட்டுப் பார்க்காமல் எந்தச் சொட்டும் கூடாது என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கிறோம். ஆரஞ்சு நிற நுனி உள்ள சிறு தாளை ஒரு சொட்டு உப்புநீரில் நனைத்துக் கண்ணில் தொடுவார்கள். கழுவிவிட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். நல்ல படலத்தில் சாயம் ஒட்டாது. புண் இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். எவ்வளவு அகலம், எந்த இடம் என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம், பக்கத்தில் நின்று காட்டச் சொல்லுங்கள். பிறகு மூக்கு வழியாகப் பச்சை நீர் வடிந்தால் பயப்படாதீர்கள், கண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

புண் மேலோட்டமாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் சொட்டும் வலி மருந்தும் கொடுப்பார்கள், ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். வலி குறைய அட்ரோபின் என்ற சொட்டு கொடுத்தால் அது கசப்பு. கண்ணிலிருந்து தொண்டைக்கு இறங்கியதும் லட்டு வாயில் நுரை தள்ளலாம். பாவை விரிந்து சில நாள் வெளிச்சம் கூசும். இரண்டும் எதிர்பார்த்ததுதான். ஒரு வாரம் கழித்தும் சாயம் ஒட்டினால், மருந்தை மாற்றிக்கொண்டே போவதை விட்டுவிட்டு ஏன் ஆறவில்லை என்று தேட வேண்டும். இமைக்கு உள்பக்கம் முளைத்த ஒற்றை முடி, உள்ளே சுருண்ட இமை, கண்ணீர் வறட்சி என்று ஏதாவது பின்னால் இருக்கும். புண் ஆழமாக இருந்தால் கண் மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் அனுப்புவார்கள். சிங்கப்பூரில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர்தான், அதனால் அன்றே தொலைபேசியில் நேரம் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். செலவைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். முதல் நாளே வந்தால் ஒரு சோதனை, இரண்டு புட்டி மருந்தோடு முடிகிற விஷயம், அறுவை வரை போனால் ஆயிரங்களில் பேச வேண்டியிருக்கும்.

லட்டு மாதிரி நாய்களுக்கு இது ஏன் அடிக்கடி வருகிறது? வீவக வீட்டில் சிறிய இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம் என்பதால் நம் புளோக்குகளில் ஷீ சூ, பக், பெக்கினீஸ் நிறைய. மூக்கு சப்பையாக இருக்க வேண்டும், கண் பெரிதாக இருக்க வேண்டும் என்று மனிதர்கள் வளர்த்தெடுத்த இனங்கள் இவை. கண் இருக்கிற எலும்புக்குழி ஆழமே இல்லை, சின்னக் கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி விழி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பல ஷீ சூக்கள் தூங்கும்போது இமையை முழுதாக மூடுவதில்லை. இன்று இரவு பாருங்கள், நடுவில் ஒரு கோடு திறந்திருக்கும். அந்தக் கோட்டில்தான் படலம் காய்ந்து, பெரும்பாலும் நட்டநடுவில் புண் வரும். மூக்கு மடிப்பு முடியும் கண்ணை உரசிக்கொண்டே இருக்கும். முடி வெட்டிக் குளிப்பாட்டிய மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு வருகிற நாய்கள் எங்களுக்கு வாடிக்கை. ஷாம்பு பட்டிருக்கும், அல்லது சூடான காற்று நேராக முகத்தில் அடித்திருக்கும். லட்டுவை அண்மையில் குளிப்பாட்டக் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை யோசிக்க வைத்தது. "இரண்டு மூன்று மாதமாகவே காலையில் பீளை இருக்கும், துடைத்தால் போய்விடும்." அது வெறும் பீளையாக இல்லாமல் கண்ணீர் வறட்சியாக இருக்க வாய்ப்புண்டு. ஷீ சூவுக்கு மிகவும் சகஜம். பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கி அழிப்பதால் வருவது. தண்ணீர்ப் பகுதி குறைய, மிச்சமிருக்கும் சளி மட்டும் கெட்டியாக இமையில் ஒட்டும். கண் மினுமினுப்பு இழந்து மங்கலாகத் தெரியும். பலரும் இதைக் கண்நோய்த் தொற்று என்று நினைத்து மாறி மாறிச் சொட்டு விட்டு மாதங்களை ஓட்டிவிடுவார்கள். அதற்குள் கண்ணில் கறுப்புத் திட்டுப் படர்ந்து பார்வையை மறைக்க ஆரம்பித்திருக்கும்.

கண்டுபிடிக்கும் சோதனை ரொம்ப எளிது. அளவு குறித்த தாள் பட்டையின் நுனியைக் கீழ் இமைக்குள் செருகி ஒரு நிமிடம் விடுவார்கள். எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்பதுதான் கணக்கு. 15க்கு மேல் நல்லது. 10க்குக் கீழ், கூடவே இந்த அறிகுறிகளும் இருந்தால் வறட்சி. 5க்குக் கீழ் மோசம். கண் மரத்துப்போகும் சொட்டு விடுவதற்கு முன்னால் இதைச் செய்தால்தான் எண் சரியாக வரும். புண் இருக்கிற கண்ணில் வலியால் நீர் கூடுதலாகச் சுரந்து எண்ணைத் தவறாகக் காட்டலாம். அதனால் நல்ல வலது கண்ணிலும் செய்யச் சொல்லுங்கள், இடது கண் ஆறியதும் ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

வறட்சிதான் என்று உறுதியானால் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் மருந்து கொடுப்பார்கள். சுரப்பியைத் தாக்குவதை நிறுத்தித் திரும்பச் சுரக்க வைப்பது இதுதான். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதுவரை செயற்கைக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். கண் நன்றாகிவிட்டதே என்று மருந்தை நிறுத்தினால் திரும்ப வறண்டுவிடும். ஆயுசுக்கும் விட வேண்டிய மருந்து, ஆனால் விட்டால் நன்றாக இருக்கும். இந்த ஒரு நோயில் மட்டும் வீட்டுக்காரர்களின் ஒழுங்குதான் நாயின் பார்வையைத் தீர்மானிக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

அம்மா சொன்ன பன்னீருக்கு வருகிறேன். நம் வீடுகளில் கண் என்றால் பன்னீர், நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று ஆளுக்கொரு கைவைத்தியம் உண்டு. அதன் பின்னால் இருக்கும் பாசத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கடையில் கிடைக்கும் பன்னீரில் வாசனைப் பொருளும் பதப்படுத்தும் பொருளும் இருக்கலாம், பூவும் பாலும் கிருமி நீக்கப்பட்டவை இல்லை. தோல் உரிந்த படலத்தில் இவற்றை விடுவது புண்ணில் கிருமியை விதைப்பதுதான். காண்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவமும் ஆகாது, சிலவற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும், கண் எரிந்துவிடும். துடைக்க வேண்டுமென்றால் கார்டியன், வாட்சன்ஸ் போன்ற மருந்துக்கடைகளில் கிடைக்கும் கிருமி நீக்கிய உப்புநீர்ச் சிறு குப்பிகளை வாங்குங்கள். பஞ்சு இழை விடும், அதனால் காஸ் துணியை நனைத்துப் பீளையின் மேல் சற்று நேரம் வைத்து ஊறவிட்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக எடுங்கள். இன்று துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் பீளையின் நிறத்தையும் அளவையும் பார்க்க உதவும்.

கிளம்புவதற்கு முன், நாய் முகத்தைத் தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு இருந்தால் மாட்டிவிடுங்கள். தேய்க்கிற ஒரு நொடியில் சிறு புண் பெரிதாகிவிடும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சோபா ஓரத்தில் தேய்த்துக்கொள்ளும். பாவமாக இருக்கிறதே என்று இரவில் கழற்றாதீர்கள், பெரும்பாலும் அப்போதுதான் காரியம் கெடும். வழியில் தின்ன எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிராப் வாடகைக் கார் செயலியில் செல்லப்பிராணிகளுக்கென்றே தனிச் சேவை இருக்கிறது, ஆனால் நள்ளிரவில் கிடைக்கத் தாமதமாகலாம். அதற்காகவும்தான் பகலிலேயே போங்கள் என்கிறேன். கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள், மார்புப்பட்டி போடுங்கள். இந்த இனங்களுக்குக் கழுத்தை அழுத்தினால் விழியே குழியிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். நாய்ச்சண்டையிலும் அப்படி நடக்கலாம். என்றாவது அது நேர்ந்தால் உள்ளே தள்ளப் பார்க்காமல், உப்புநீரில் நனைத்த துணியை மேலே வைத்து ஈரம் காயாமல் நேராக அவசர மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சொட்டு விடும்போது முகத்துக்கு நேரே புட்டியைக் கொண்டுபோனால் எந்த நாயும் பின்வாங்கும். தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, லட்டுவின் முதுகு உங்கள் வயிற்றில் படும்படி முழங்கால்களுக்கு நடுவில் வையுங்கள். இடது கையால் தாடையைத் தூக்குங்கள். வலது கையின் அடிப்பாகத்தை அதன் தலையில் ஊன்றி, கட்டைவிரல் பக்கத்தால் மேல் இமையைப் பின்னுக்கு இழுத்தால் வெள்ளை விழி தெரியும். அங்கே மேலிருந்து ஒரு சொட்டு. புட்டி நுனி கண்ணில் படக் கூடாது. ஒரு சொட்டு போதும், இரண்டாவது வழிந்துதான் போகும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி, களிம்பு இருந்தால் எப்போதும் கடைசியில். அம்மாவை முன்னால் உட்காரச் சொல்லி, சொட்டு விழுந்த உடனே ஒரு துண்டு கோழிக்கறி கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் லட்டு தானாக வந்து உட்காரும். பகலில் பணிப்பெண்தான் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், குளிர்பெட்டியில் ஒரு தாள் ஒட்டுங்கள், சொட்டு விட்டவர் அதில் நேரத்தைக் குறிக்கட்டும். ஒரு மருந்தை இருவர் விடுவதும் ஒருவருமே விடாமல் போவதும் நடக்கிற விஷயம்தான்.

புண் இல்லை என்று வந்தால் வேறு என்னவாக இருக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். முக்கியமாகப் பயப்பட வேண்டியது கண் அழுத்த நோயான குளுக்கோமா. கண் சிவந்து, நீலம் பூத்த மாதிரி மங்கி, பாவை விரிந்து, வெளிச்சம் அடித்தாலும் சுருங்காமல் நிற்கும். நாயின் கண் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். ஏறிப்போய் ஓரிரு நாள் அப்படியே இருந்தால் பார்வை திரும்புவது கஷ்டம். ஷிபா இனு, காக்கர் ஸ்பேனியல் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு கண்ணில் வந்தால் மற்றக் கண்ணுக்கும் உடனே தடுப்பு மருந்து தொடங்க வேண்டியிருக்கலாம்.

கண்ணின் மூக்கோரத்தில் திடீரென்று சிவப்பாக உருண்டை துருத்தினால் அது மூன்றாம் இமையின் சுரப்பி இடம் மாறியது. செர்ரி ஐ என்பார்கள். அவசரமில்லை, ஆனால் அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணீரில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது. உள்ளே வைத்துத் தைப்பதே சரியான முறை.

வெள்ளை விழியில் ரத்தப் புள்ளியோ கண்ணுக்குள்ளே ரத்தமோ தெரிந்து, நாயும் சோர்ந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகியுங்கள். நம் ஊர் வெப்பத்தில் உண்ணிக்குப் பருவமே கிடையாது, வருடம் முழுவதும் இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்து, சில வாரங்களில் இரண்டு கண்ணும் வெளுத்துவிட்டால் நீரிழிவால் வந்த கண்புரையாக இருக்கலாம். ஏழெட்டு வயதுக்கு மேல் பாவை லேசாக நீலம் பூப்பது பெரும்பாலும் வயதின் மாற்றம், பார்வை அவ்வளவாகக் கெடாது. வெள்ளை நாய்களுக்குக் கண்ணோரம் படியும் பழுப்புக் கறை கண்ணீரில் உள்ள நிறமி, தானாக அது நோய் இல்லை. கறை போக்கும் பொடிகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

காடோரப் பூங்கா இணைப்புப் பாதைகளில் நடக்கிறவர்களுக்கு ஒன்று. விஷம் துப்பும் கறுப்பு நாகம் சிங்கப்பூரில் உண்டு. மோப்பம் பிடித்துக்கொண்டு புதருக்குள் போன நாய் திடீரென்று அலறி இரு கண்ணையும் மூடிக்கொண்டால், கையில் இருக்கிற குடிநீரைக் கொண்டு அங்கேயே கழுவத் தொடங்குங்கள். கால்மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். எல்லாச் சொட்டும் மருத்துவர் பார்த்த பிறகுதான், ஆனால் தண்ணீர் அந்த நொடியே.

பார்வை போய்விடுமோ என்று அம்மா அழுததாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: நேற்று தொடங்கிய புண்ணை இன்று காட்டினால் பெரும்பாலான கண்கள் காப்பாற்றப்படுகின்றன. ஒரு கண் போனாலும் நாய் பழையபடி ஓடியாடும். இரண்டும் போன நாய்கள்கூட, மேசை நாற்காலியை இடம் மாற்றாமல், தண்ணீர்க் கிண்ணத்தை அதே மூலையில் வைத்து, தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டுக்குள் சுலபமாக நடமாடுகின்றன. நாய்க்கு உலகம் பாதிக்கு மேல் மூக்கிலும் காதிலும்தான் இருக்கிறது.

இப்போது லட்டுவைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். அப்பாவின் மருந்துப் புட்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், யாராவது ஏற்கெனவே ஒரு சொட்டு விட்டிருந்தால் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். சாயம் ஒட்டியதா, இரண்டு கண்ணின் கண்ணீர் அளவு எத்தனை என்று இரவு எழுதுங்கள், அதை வைத்து அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.